கழுத்து ஒட்டாத படங்கள்

2024 செப்டம்பர் 9, திங்கள்

காலையில் இரண்டு பிரேம் போனது. கரையான்சாவடிப் பெரியவர் ஒருவர் பேரனின் பட்டமளிப்புப் படத்துக்குத் தங்க நிற பீடிங் சட்டம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கண்ணைக் குத்தும் என்றேன். கேட்கவில்லை. அவர் சுவர், அவர் பேரன்.

மூன்று மணிக்கு ரகுநாதன் அறக்கட்டளையிலிருந்து வந்தார்கள். ஓவியரின் மகன் கோகுல்நாத், கூட ஒரு நிபுணர் அம்மா. நான்தான் வரச்சொல்லி எழுதியிருந்தேன். மேனாம்பேட்டில் பிறந்து உலகம் பூரா பேர் வாங்கிய ரகுநாதனின் மகன் நம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார் என்று என் வீட்டுக்காரர் மஸூத் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

பின்னால் மறந்துவிடும், எழுதிவைக்கிறேன். ரகுநாதன் பேர் வாங்குவதற்கு முன்னால் எங்கள் மாடி அறையில் ஒன்றரை வருஷம் குடியிருந்தார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எண்பத்தாறில் டெல்லிக்குக் கிளம்பும்போது ஒரு தகரப் பெட்டியை அத்தாவிடம் கொடுத்து, "வந்து எடுத்துக்குறேன் நஜீர் பாய்" என்றார். வரவே இல்லை. அத்தா அதைப் பரண்மேல் ஏற்றினார். "இது அமானிதம். நம்பிக் குடுத்தது. யாரும் தொறக்கக் கூடாது." அவ்வளவுதான், பேச்சே கிடையாது. வீடு வெள்ளையடிக்கும்போதுகூட அதைத் தூக்கித் தூசி தட்டி அப்படியே திரும்ப வைப்போம்.

அத்தா போனார், அந்த ஓவியர் போனார், அம்மாவும் போய் நாலு வருஷம். போன மாதம் பரண் ஒழுகியதால் பெட்டியை இறக்கினேன். சாவி அம்மாவின் கொத்திலேயே கிடந்தது. உள்ளே ஒரு சட்டை, தூரிகைகள், தேய்ந்த பென்சில் துண்டுகள், கல்லாகக் காய்ந்த வர்ண டியூப்கள், கொஞ்சம் வெள்ளைத் தாள். அடியில் கட்டாகப் பென்சில் படங்கள். உடையவர்களிடம் சேர்த்துவிட்டால் அத்தாவின் பொறுப்பு முடியும் என்று எழுதினேன்.

நிபுணர் அம்மா படங்களை மட்டும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, பரிசோதனைக்கு இரண்டு படத்தை எடுத்துப்போனார்கள். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 11

கோகுல்நாத் டீ குடித்த டம்ளரை மஸூத் தனியாக எடுத்துவைத்திருக்கிறார். கழுவிக் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 26, வியாழன்

கடிதம் வந்தது. நாலு தரம் படித்தேன்.

"மேற்படி படங்கள் ஓவியர் ரகுநாதன் வரைந்தவை அல்ல." சரி, காரணம்? ரகுநாதன் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் உருவத்தை முடிப்பவராம். இந்தப் படங்களில் எல்லா உருவத்துக்கும் கழுத்துக்கிட்டே கோடு விட்டுப்போயிருக்கிறதாம், இரண்டு பக்கமும். பார்த்து நகல் எடுக்கத் தெரியாத கையின் தடுமாற்றமாம். அதோடு விட்டிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பேன். அடுத்த வரி: "பழைய தாளும் அட்டையும் எளிதில் கிடைக்கக்கூடிய படச்சட்டக் கடை ஒன்றிலிருந்து இவை வெளிவந்துள்ளதையும் குழு கருத்தில் கொண்டது."

எங்கள் கடை! கண்ணாடியில் மயிர் அளவு கீறல் இருந்தாலும் வாடிக்கைக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் சட்டத்தில் போடுவார் அத்தா. அந்தக் கடையில் உட்கார்ந்து நாங்கள் போலிப் படம் தயாரிக்கிறோமாம். பெட்டியும் அவர்களுக்கு வேண்டாமாம், "எங்களுடையது என்று உறுதியாகவில்லை."

நான் என்ன கேட்டேன்? காசு கேட்டேனா? உங்கள் அப்பா பொருளை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு இந்தப் பட்டம்.

விடமாட்டேன். இவை ரகுநாதன் வரைந்தவைதான் என்று அந்த மகனே எழுதித் தரவேண்டும். தருவார்.

செப்டம்பர் 28

தம்பி முஸ்தகீம் காட்டுப்பாக்கத்திலிருந்து வந்தான். அங்கே டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், எல்லாவற்றையும் சதுர அடியில்தான் யோசிப்பான்.

"இன்னாக்கா நீ? அவுங்கதான் இல்லன்ட்டாங்கள்ல. தூக்கிப் பரண்ல போட்டுட்டு பொழப்பப் பாப்பியா."

"அத்தாவ திருடன்னு எழுதிக்கீறாங்கடா."

"யாரு படிச்சா? நீயும் நானும்தான் படிச்சோம். நீ கத்துனா ஊரே படிக்கும்."

ஊரே படிக்கட்டும் என்றேன். பிரியாணி சாப்பிடாமல் போய்விட்டான். மாலையில் அவன் பெண்டாட்டி போன் செய்து டப்பாவில் போட்டு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அவன்மேல் கோபம் வேறு, பிரியாணி வேறு.

அக்டோபர் 6, ஞாயிறு

கடை லீவு. கூடத்தில் பாயை விரித்து மீதிப் படங்களை எல்லாம் பரப்பினேன். பொய்யாம்! அத்தா கண்ணாடி அறுக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வார், அது அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் அக்கா முறத்தை மடியில் சாய்த்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறார். இருட்டில் காட்டினாலும் அவர் முழங்கையைச் சொல்லிவிடுவேன். பக்ரீத் குர்பானிக்கு வாங்கிக் கட்டிய கிடா. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரேறுகிற நான். தூளியில் தூங்குகிற ஒரு கைக்குழந்தை, அக்கம்பக்கத்தில் யாருடையதோ. எங்கள் வீட்டுக்குள் இருந்து பார்க்காத ஒருவரால் இவற்றை எப்படி வரைய முடியும்? நிபுணர் குழு கழுத்தைப் பார்த்ததே, முகத்தைப் பார்த்ததா?

கழுத்தில் கோடு விட்டுப்போனது உண்மைதான். நூல் போகிற அளவு இடைவெளி. அதனால் என்ன? சின்ன வயதில் அவருக்கு அது ஒரு பாணியாக இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எல்லாரும் இருக்கிறோம், அம்மா இல்லை. எத்தனை முறை புரட்டியும் இல்லை. மாடியில் இருந்த மனுஷனுக்கு அம்மா கையால்தான் மூன்று வேளையும் சோறு போனது. ஆட்டை வரைந்தவர் அம்மாவின் விரலைக்கூட வரையவில்லை. பர்தா பார்த்து ஒதுங்கியிருப்பார், மரியாதைதான். ஆனாலும் ஆத்திரமாக வருகிறது. அவருக்காகத்தான் நான் சண்டை போடுகிறேன், அவரோடும் சண்டை போடவேண்டியிருக்கிறது.

அக்டோபர் 22

பத்திரிகையில் வந்துவிட்டது. "பூந்தமல்லிக் கடையில் போலி ஓவியங்கள்?" கேள்விக்குறி போட்டால் குற்றமில்லை என்று நினைப்பு.

மத்தியானம் கல்யாணப் போட்டோ கொண்டுவந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "என் ஒரிஜினல் திரும்பி வந்துடும்ல அக்கா?" என்றார். வராது, உங்களுக்குப் பதில் வேறு மாப்பிள்ளையை உட்காரவைத்துத் தருகிறேன் என்றேன். சிரிப்பு நின்றது. போட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

போகட்டும் என்று எழுதிவிட்டேன். மூன்று நாளாகப் புது வேலை ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மேனாம்பேட்டுக்கே போனேன். ரகுநாதன் வீட்டைத்தான் அறக்கட்டளை ஆபீசாக்கியிருக்கிறார்கள். வாசலில் அவர் சிலை, உள்ளே ஏசி. ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். புர்கா போட்ட பொம்பளை, கையில் கட்டைப்பை, கோபமான மூஞ்சி. ரிசப்ஷன் பெண் இரண்டு தரம் தண்ணீர் கொடுத்தாள்.

கோகுல்நாத் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"மேடம், உங்க மேல பர்சனலா எதுவும் இல்லை. வருஷத்துக்குப் பத்துப் பேர் வர்றாங்க, அப்பா எங்க வீட்ல தங்குனார், எங்க ஹோட்டல்ல வரைஞ்சு குடுத்தார்னு."

"அவங்க வீட்டுல உங்க அப்பா சட்டை இருந்துதா சார்?"

"சட்டை யார் வேணா வெச்சிருக்கலாம்."

"படம் பொய்ங்கிறீங்க, சரி. எதுக்கு எங்க கடையப் பத்தி எழுதுனீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுந்து, இவை உங்கள் அப்பாவின் ஆரம்பகாலப் பாணி, அப்போது அவருக்கு ஒரே இழுப்பு வந்திருக்காது, தாளைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், தாள் பொய் சொல்லாது என்று ஒரு மூச்சு பேசிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1

புயல் மழை. கடைக்குள் தண்ணீர். நான் படங்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன், மஸூத் கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மவுண்ட் போர்டு அட்டை அத்தனையும் ஊறி வீணாகிவிட்டது.

டிசம்பர் 20

பதினோராவது கடிதம் போட்டாயிற்று. ஆரம்பகாலப் பாணி பற்றி ஒன்றரைப் பக்கம். என் மகள் இஃபத்தான் டைப் அடித்தாள். "அம்மா, 'இப்படிக்குக் கோபத்துடன்'னு போடவா?" என்றாள். போடு என்றேன். போட்டுவிட்டாள்.

போன கடிதத்துக்கு, தாளைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகப் பதில் வந்தது. அசைகிறார்கள்!

2025 ஜனவரி 19, ஞாயிறு

பானுப்பிரியா வந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரி. அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை, குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து வருவாள். இப்போது ஆவடியிலேயே வீடு கட்டிவிட்டாள். பத்திரிகையில் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லப் பொங்கல் கரும்போடு வந்திருந்தாள். படங்களைக் காட்டினேன். இரண்டு படம் பார்த்தாள், மூன்றாவதைக் கையில் எடுத்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"அய்யே! இன்னாடி இது, நம்ம தவள மாதிரியே கீது!"

"எந்தத் தவள?"

"விலங்கியல் ரெக்கார்டுடி! எனக்கும் சேத்து உங்கம்மாதான வரைஞ்சு குடுத்தாங்க. தல தனியா, ஒடம்பு தனியா. சயன்ஸ் மிஸ்ஸு கிளாஸ்ல எழுப்பி நிக்கவெச்சு, 'தவளைக்குக் கழுத்தே கெடையாது, நீ எங்கடி கேப் உட்ட'ன்னு கேட்டாங்களே, மறந்துட்டியா? செவப்பு இங்க்ல அவங்களே ஒட்டவெச்சு மார்க் போட்டாங்க."

மறக்கவில்லை என்றேன். மறந்தேபோயிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எகிறியது, அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னது, எல்லாம் வந்துவிட்டது.

"முழுசா வரைஞ்சா மறுமையில, இதுக்கு உயிர் குடுன்னு கேப்பாங்கடி. நான் எங்க போறது உயிருக்கு? கழுத்த உட்டுட்டா கேக்க மாட்டாங்க."

பானு கரும்பை ஒடித்துக்கொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

ஜனவரி 20

காலையில் கடை திறக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாவற்றிலும். அத்தாவுக்கு, எனக்கு, ஜெகதாம்பாள் அக்காவுக்கு, குர்பானி ஆட்டுக்கு. கழுத்தில் நூல் போகிற அளவு இடைவெளி. தடுமாற்றமாம்! அந்த இடத்தில்தான் பென்சில் இருப்பதிலேயே நிதானமாக நின்று, தாண்டி, மறுபடி தொடங்கியிருக்கிறது.

தூளிக் குழந்தை. இடது காதுக்கு முன்னால் மிளகு அளவுக்கு ஒரு சதைத்துணுக்கு. யார் குழந்தையோ என்று எழுதினேனே, என் கூடப் பிறந்தவன் காது எனக்குத் தெரியவில்லை. முஸ்தகீம் பிறந்தது எண்பத்தொன்பதில். ரகுநாதன் போய் மூன்று வருஷம் கழித்து.

அம்மா ஏன் எந்தப் படத்திலும் இல்லை? வரைந்துகொண்டிருந்தவள் எப்படி இருப்பாள்?

வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே இடம் அந்தப் பெட்டி. அமானிதம் என்று அத்தா சொன்ன பிறகு அதை யார் திறப்பார்கள்? சாவி அம்மாவின் இடுப்பில். ரகுநாதன் விட்டுப்போன தாள், ரகுநாதன் விட்டுப்போன பென்சில். நாங்கள் பள்ளிக்கூடம் போனதும், அத்தா கடைக்குப் போனதும், சோறு வடித்துவிட்டு —

அம்மா வரைவாள் என்பது எனக்குத் தெரியும்! தவளை வரைந்தாள், கரப்பான்பூச்சி வரைந்தாள், என் கல்யாணத்துக்கு மருதாணி வரைந்தாள். ஒரு நாளாவது நினைத்தேனா? தவளை என்றால் அம்மா, அத்தா முகம் என்றால் ரகுநாதன். அப்படித்தானே நினைத்தாய் ஃபஸீலா? அந்த நிபுணர் அம்மாவைத் திட்டித் திட்டிக் கடிதம் எழுதினாயே. அவள் சொன்னதில் பாதி சரி. நீ சொன்னது அத்தனையும் தப்பு.

ஜனவரி 21

ஏம்மா சொல்லல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன ஊர்ல போய்த் தண்டோராவா போடப்போறேன்?

போட்டிருப்பேன்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

முஸ்தகீமை வரச்சொன்னேன். மறுபடி என்ன பஞ்சாயத்து என்று முகத்தைத் தூக்கிக்கொண்டே வந்தான். தூளிப் படத்தையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். கை தானாகக் காதுக்குப் போனது. அந்தச் சதைத்துணுக்கை நிரடிக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் தூக்கம் வந்தால் அப்படித்தான் செய்வான்.

"நானாக்கா இது?"

"நீதான்."

"யாரு வரைஞ்சது?"

சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன், இரண்டு பேருக்கும் நல்லது.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பிக்கிறான். "ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. அந்தாளு பேப்பரு, அந்தாளு பென்சிலு. அமானிதத்துல கை வெச்சிட்டாங்களேக்கா அம்மா."

வந்ததே எனக்குக் கோபம். பெற்றவளையா சொல்கிறாய் என்று கரண்டியைத் தூக்கிவிட்டேன். அவனும் விடவில்லை. "தப்புன்னு சொல்லல. பாக்கி நிக்கிதுன்றேன். அவுங்க தலமேல நிக்கக் கூடாது, அவ்ளோதான்."

யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கழுத்தில் ஒரு நூல் இடைவெளி விட்டு அல்லாஹ்விடமே கணக்கை நேர் செய்தவள், இதை மட்டும் மறந்திருப்பாளா? மனதுக்குள் உறுத்தியிருக்கும்.

பிப்ரவரி 9

முஸ்தகீம் பாரிமுனைக்குப் போய் வந்திருக்கிறான். படம் வரைகிற நல்ல தாள் ஒரு கட்டு, ஒரு டப்பா பென்சில். "எத்தினி படமோ அத்தினி தாளு, வீணாப் போனதும் இருக்கும்னு மேல கொஞ்சம் போட்டுக்கீறேன். சரியாக்கா?" டைல்ஸ் கணக்குப் போடுகிறவன், உடைசலுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறான். சரிடா என்றேன். பெட்டிக்குள் அவன் கையாலேயே வைத்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

அல்லாஹ்வே, சிரிப்பதா அழுவதா! அறக்கட்டளையிலிருந்து கடிதம், கூடவே சான்றிதழின் நகல். தாள் ஒத்துப்போகிறதாம். ரகுநாதன் எண்பத்தைந்தில் வரைந்த படங்களும் இவையும் ஒரே தாளாம். பின்னே, ஒரே கட்டுத் தாள்தானே! "கழுத்துக் கோடு விடுபட்டிருப்பது ஓவியரின் ஆரம்பகாலப் பாணி என்று குழு கருதுகிறது." என் வரி. இஃபத் டைப் அடித்த என் வரியை அப்படியே திருப்பி எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். பெரிய கண்காட்சி வரப்போகிறதாம், அதில் இந்தப் படங்களுக்குத் தனி அறை. நல்ல விலைக்கும் ஏற்பாடு செய்வார்களாம்.

மஸூத் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஃபஸீ, இதுக்குத்தான நாயா பேயா அலைஞ்ச? இப்ப கைல வந்துகினு கீது, வேணான்றியா?"

"அது அம்மா வரைஞ்சது மச்சான்."

"தெரியும். நான் இல்லன்றேனா? ஆனா ரகுநாதன்னு சொன்னா ஊரே வந்து பாக்கும். உங்கம்மா பேரச் சொன்னா யாரு பாப்பா?"

"நான் பாப்பேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நின்று நின்று முட்டி தேய்ந்த மனுஷன். அவருக்கு ஆசை இருக்காதா? எனக்கே இருக்கிறது. தனி அறை, விளக்கு, அத்தாவின் முகம் அவ்வளவு பெரிய சுவரில். எல்லாம் நினைத்துப் பார்த்தேன். கீழே ஒரு சின்னப் பலகை இருக்குமே, அதில் யார் பேர்? அங்கேதான் நின்றுவிடுகிறது.

நாற்பது வருஷம் பெட்டிக்குள் ஒளிந்து கிடந்தாள். இப்போது நான் கையெழுத்துப் போட்டால், இனிமேல் எவனாலும் அவளை வெளியே எடுக்க முடியாது.

பிப்ரவரி 22, சனி

கோகுல்நாத் தனியாகத்தான் வந்தார். ஒரிஜினல் சான்றிதழ், முத்திரை, கையெழுத்து, எல்லாம் பளபளவென்று. பரிசோதனைக்குக் கொண்டுபோன இரண்டு படத்தையும் பத்திரமாக மடிப்பில்லாமல் கொண்டுவந்திருந்தார். முதலில் அவற்றை வாங்கி உள்ளே வைத்தேன்.

பிறகு சொன்னேன். "சார், இது உங்க அப்பா வரைஞ்சதில்ல."

அவர் என் தலையில் அடிபட்டுவிட்டதோ என்று பார்ப்பதுபோல் பார்த்தார். "மேடம், பதினோரு லெட்டர் போட்டது நீங்கதானே?"

"நான்தான். பதினொண்ணும் தப்பு. நீங்க மொதல்ல சொன்னீங்களே, அதுதான் சரி. இது எங்கம்மா வரைஞ்சது. ஷரீஃபுன்னிசா."

எல்லாம் சொன்னேன். தவளை, தூளி, காது, அமானிதம். கடைசிவரை கேட்டார். நம்பினாரா தெரியவில்லை. நம்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"கேட்டலாக் பிரிண்டுக்குப் போயாச்சு."

"நிறுத்திடுங்க."

"அப்பா பேர் இல்லேன்னா இதெல்லாம் சும்மா பேப்பர் மேடம். யாரும் சீண்ட மாட்டாங்க. கோவத்துல முடிவெடுக்காதீங்க."

"எனக்குக் கோவம் வந்தா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியும் சார், பதினோரு லெட்டர் வாங்கிக்கீறீங்க. இது கோவம் இல்ல. பொய் படம்னு சொன்னப்ப ஒத்துக்கல, உங்க அப்பா படம்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். எங்கம்மா கை அது. எங்கம்மா பேர்லதான் இருக்கும். பேப்பரா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

குரல் உயர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முஸ்தகீம்தான் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தான். "சார், இது உங்க அப்பா எங்க அத்தாகிட்ட குடுத்தது. எடுத்துகினு போங்க. எங்க பொறுப்பு முடிஞ்சிது."

கோகுல்நாத் குனிந்தார். சட்டையை எடுத்தார், நீலக் கட்டம், காலர் நைந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன செப்டம்பரில் பெட்டியைத் திரும்பிப் பார்த்திருந்தால் அது அப்போதே கிடைத்திருக்கும். சட்டை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றீர்களே என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவருக்கும் அப்பாதானே.

"இந்தப் புது பேப்பர் எதுக்கு?" என்றார்.

"உங்க அப்பா வெச்சிட்டுப் போனதுல கொஞ்சம் எங்க வீட்டுல செலவாயிடுச்சு. சரி பண்ணிட்டோம்."

அவருக்குப் புரிய நேரமானது. தாள் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே நான் படங்களை வைத்த பக்கம் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. சான்றிதழை மடித்து அந்தச் சட்டையின்மேல் நானே வைத்து மூடினேன். கடையைப் பற்றி எழுதிய அந்த வரியை மட்டும் எழுத்துமூலம் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டினார். பெட்டியைக் காரில் ஏற்றியது முஸ்தகீம்.

பரணில் பெட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

பிப்ரவரி 23

மஸூத் காலை டீயைத் தானே போட்டுக் குடித்தார். மத்தியானம் ஏணியை எடுத்துக்கொண்டு கடைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன். "எங்க மாட்டப்போற? தலமேலயா?" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

பெருநாள் முடிந்து கடை சுறுசுறுப்பாகிவிட்டது. நோன்பு மாதம் முழுக்க மத்தியானங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் நானே சட்டம் போட்டேன். மெல்லிய கறுப்பு பீடிங். தங்கம் இல்லை. கண்ணாடி மட்டும் முஸ்தகீம் வாங்கித் தந்தது, கீறல் இல்லாமல் பார்த்துப் பார்த்து எடுத்தான். தூளிப் படத்தை அவன் கேட்பான் என்று நினைத்தேன். "இங்கயே இருக்கட்டும்க்கா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றான். வாரம் இரண்டு தரம் வருகிறான். டைல்ஸ் லோடு பூந்தமல்லிப் பக்கம் வந்தது என்று ஒரு சாக்கு.

அறக்கட்டளை எழுதிவிட்டது, இரண்டே வரி. கடையைப் பற்றிய கருத்தைத் திரும்பப் பெறுகிறார்களாம். இதையும் பிரேம் போடலாமா என்றார் மஸூத். பீடிங் வீண் என்றேன். அவர்கள் கண்காட்சி நடந்து முடிந்ததாம், நல்ல கூட்டமாம். நடக்கட்டும், நல்ல ஓவியர்தான் அவர்.

இன்று காலை மாங்காட்டிலிருந்து ஒரு பெண், காமாட்சியம்மன் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தாள். நான் அளவெடுக்கும்வரை சும்மா நின்றவள், சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். அத்தாவின் முன்னால் நின்றாள், ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள்.

"கழுத்துகிட்ட கொஞ்சம் உட்டுப்போச்சேக்கா."

"தெரிஞ்சேதான் வுட்டுக்கீறாங்க."

"யாரு வரைஞ்சது?"

"எங்கம்மா."

"அப்பிடியா? பெரிய ஆர்ட்டிஸ்டா அவுங்க?"

"ஆமா," என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கண்ணாடி எடுக்க உள்ளே போனேன்.